அர்பாபின் கொழுத்த கௌதாரிகள்

கோழியைக் கொழுக்க வைப்பது எப்படி என்று கேட்டு என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். பறவையை இளைக்க வைப்பது எப்படி என்று கேட்டு விமான டிக்கெட் அனுப்பியவர் என் மாப்பிள்ளை செல்வராஜ் ஒருவர்தான்.

நாமக்கல்லில் கோழித் தீவனம் அரைத்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஊரில் லாரிக்கு பாடி கட்டாதவன் கோழி வளர்ப்பான், கோழி வளர்க்காதவன் அதற்குத் தீவனம் விற்பான், இரண்டும் செய்யாதவன் இந்த இரண்டு பேரில் ஒருவனுக்குப் பெண் கொடுத்திருப்பான். செல்வராஜ் என் தங்கை சுமதியின் கணவர். ஊரில் பண்ணை சூப்பர்வைசராக இருந்தவர், அதே வேலைக்கு துபாய் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வழக்கமாக அவர் போன் செய்தால் பேச்சு வெயிலில் தொடங்கி வெயிலில் முடியும். அன்றைக்கு வெயிலைப் பற்றிப் பேசவே இல்லை.

"மச்சான், கொஞ்ச நாள் இங்க வந்துட்டுப் போக முடியுங்ளா?"

"ஏனுங் மாப்ளே, சுமதிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. கௌதாரிங்கதான் பறக்க மாட்டீங்குது."

விஷயம் இதுதான். செல்வராஜின் முதலாளி, அங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள், ஒரு குளிர்காலத்தில் இங்கிலாந்து போயிருக்கிறார். அங்கே நண்பர் ஒருவரின் எஸ்டேட்டில் சிவப்புக்கால் கௌதாரி சுடக் கூட்டிப்போயிருக்கிறார்கள். துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்க, ஆட்கள் கொடியை ஆட்டிப் பறவைகளைக் கிளப்பிவிட, தலைக்கு மேல் பறக்கும்போது சுடுவது. திரும்பி வந்த அர்பாபுக்கு அதே மாதிரி தன் பாலைவனத்திலும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த நாட்டுக் காட்டுப் பறவைகளைத் தொட்டால் சட்டம் சும்மா விடாது. அதனால் ஐரோப்பாவிலிருந்து முட்டை வரவழைத்து, அனுமதியெல்லாம் வாங்கி, தன் பண்ணையிலேயே பொரிக்கச் சொல்லிவிட்டார். விமானத்தில் வந்து, இன்குபேட்டரில் பிறந்து, ஏசி கொட்டகையில் வளரும் இந்தப் பறவைக்கு அழைப்பிதழில் காட்டுப் பறவை என்று அச்சடித்திருந்தார்களாம்.

"ஜனவரி கடைசில விருந்தாளிங்கள்லாம் வராங்க. அன்னிக்குப் பறக்கலைன்னா விசா கான்சல்னு சொல்லிட்டார் மச்சான்," என்றார் செல்வராஜ். அவர் விசா போனால் குடும்பத்தின் விசாவும் போகும். மகள் நிவேதாவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நடு வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சுமதி பின்னாலிருந்து அழும் சத்தம் கேட்டது. நான் புறப்பட்டுவிட்டேன்.

துபாய் விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டை ஒரு அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கையில் கண்ணை மறைத்துத் தோல் தொப்பி மாட்டிய ராஜாளி உட்கார்ந்திருந்தது. அதற்கு என்னைவிடச் சீக்கிரம் வேலை முடிந்தது. வெளியே வந்து செல்வராஜிடம் இதைச் சொன்னேன்.

"இங்க ராஜாளிக்குக் கூட பாஸ்போர்ட் இருக்குதுங் மச்சான்."

"உங்குளுது எங்க?"

"அர்பாப் ஆபீஸ்ல பத்திரமா இருக்குது," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கராமாவில் அவர்கள் வீடு. அப்போது மெட்ரோ ரயில் வரவில்லை, ஆனால் வரப்போகிறது என்று எல்லோரும் அதில் சீட் பிடித்துவிட்டவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கினால் இட்லிக் கடை, பக்கத்தில் பரோட்டாக் கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பரோட்டாக் கடை. இதற்கு எதற்கு விமானம், சேலம் பஸ் ஏறினால் போதாதா என்று தோன்றியது. சுமதி எனக்குத் தட்டு நிறையக் கோழிக் குழம்பு ஊற்றினாள், புருஷனுக்கு ஓட்ஸ் கஞ்சி வைத்தாள். அவருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. சட்டையின் நடுப் பட்டன் எப்போது தெறிக்கும் என்று நான் பயந்துகொண்டே சாப்பிட்டேன்.

"மாமா, பேர்ட்ஸை டயட்ல போட வந்திருக்கீங்களா?" என்றாள் நிவேதா. "ஃபர்ஸ்ட் அப்பாவைப் போடுங்க, ப்ளீஸ்."

செல்வராஜ் பண்ணையிலேயே தங்கி, வார விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறவர். மறுநாள் விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டார். நான் பஸ் பிடித்து அல் கூஸுக்கு வந்தால் தீவன கோடவுனிலிருந்து பிக்கப் ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. பஸ்ஸில் முன் வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. பின்னால் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். என்ன மடத்தனம் என்று நினைத்து முன்னால் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி என் தோளைத் தட்டி, மேலே ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். பாவாடை கட்டிய பொம்மை. அத்தனை பேரும் என் நரைத்த மீசையைப் பார்த்தார்கள், நான் எழுந்து பின்னால் போய் ஒருவர்மேல் சாய்ந்துகொண்டேன்.

அல் கூஸில் கோடவுன்களும் ஒர்க்‌ஷாப்புகளும் தொழிலாளர் கேம்ப்களும்தான். கேம்ப் கட்டடங்களின் ஒவ்வொரு ஜன்னலிலும் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பிக்கப்பை ஓட்டியவர் ஒரு பட்டாணியர், பண்ணை போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் நடுவில் உட்கார்ந்திருந்த வீரமுத்து. பெரம்பலூர்ப் பக்கம். கௌதாரிகளுக்குத் தீவனம் வைப்பதும் கொட்டகை கூட்டுவதும் இவர் டூட்டி. என்னை டாக்டர் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள், நான் எவ்வளவு மறுத்தும் தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

"இங்க வந்து எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டேன்.

"எந்தத் தடவைங்க சார்? ரெண்டு தடவை கலாஸ், எல்லாம் முடிஞ்சுதுன்னு ஊருக்குப் போயிட்டேன். இனிமே இந்தப் பக்கம் தலைவச்சிப் படுக்கிறதில்லன்னு மொட்டை போட்டுட்டுப் போனேன். இது மூணாவது தடவை."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"ஏஜெண்டு போன் பண்ணான் சார். நல்ல கம்பெனி, நல்ல சாப்பாடுன்னான்."

"மொதத் தடவை என்ன சொன்னான்?"

வீரமுத்து கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் அதான் சொன்னான்," என்றார், அதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் போல.

தார் ரோட்டை விட்டு இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே பிக்கப் மணலில் புதைந்தது. பட்டாணியர் இறங்கி டயர்களின் காற்றைப் பிடுங்கினார். பஞ்சராகாத டயரின் காற்றைப் பிடுங்குவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் தள்ளினோம், மணல் வாய்க்குள் போனது, வண்டி கிளம்பியது. எதையும் இளைக்க வைத்தால்தான் இந்த ஊரில் நகரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பண்ணைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு வந்த காரியமே மறந்துபோனது. அப்படி ஒரு பேட்ச். சிவந்த மூக்கு, சிவந்த கால், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், வெள்ளைக் கழுத்தில் கறுப்பு மணி கோத்த மாதிரி கோடு, விலாவில் பட்டை பட்டையாக நிறம். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு சின்னத் தவலை மாதிரி நின்றது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், நெஞ்சில் கை நிறையக் கறி. சாவு கிடையாது, சளி கிடையாது, இறகு பிடுங்கல் கிடையாது. ஒன்றை ஒன்று கொத்தாமல் இருக்க மூக்கு நுனியைக்கூட வெட்டிவிட்டிருந்தார் மாப்பிள்ளை. நாமக்கல்லாக இருந்தால் பேட்ச் முன்னால் நிறுத்தி மாலை போட்டிருப்பார்கள்.

"என்ன தீவனம் மாப்ளே?"

"நம்ம பிராய்லர் தீவனந்தானுங். மக்காச்சோளம், சோயா, கடைசில கொஞ்சம் எண்ணெய்."

அதுதான் சங்கதி. கையில் பறவையைக் கொடுத்தால் எடை ஏற்றாமல் இருக்க எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியாது. பறக்க வேண்டிய பறவையைத் தராசுக்குத் தயார் செய்துவிட்டார். கையிலிருந்ததை மேலே எறிந்து பார்த்தேன். தேங்காய் மாதிரி விழுந்தது. எழுந்து உடம்பை உதறிவிட்டு, என் மேல் எந்த வருத்தமும் இல்லாமல் தீவனத் தட்டை நோக்கி நடந்தது.

அன்றே வேலையை ஆரம்பித்தோம். பிராய்லர் தீவனம் கலாஸ். பதிலுக்குக் கொஞ்சம் வாற்கோதுமை, நறுக்கிய குதிரைமசால். பேரீச்ச மரங்களுக்கு நடுவில் நீளமாக வலை கட்டி, ஒரு கோடியில் தீவனம், மறு கோடியில் தண்ணீர், இடையிடையே உயரமாகக் கொம்புகள். உட்கார்ந்த இடத்தில் தின்று குடித்த ஜென்மங்கள் நடக்க ஆரம்பித்தன. நடந்தனவே தவிரப் பறக்கவில்லை. இந்த ஜாதிக்கு இயற்கையிலேயே பறப்பதைவிட ஓடுவதில்தான் பிரியம் என்று அப்புறம் தெரிந்தது. இதைத்தான் துரைமார்கள் வீர விளையாட்டுக்குப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

பறக்க வைக்க நானும் செல்வராஜும் ஆளுக்கொரு சாக்கை வீசிக்கொண்டு பின்னால் ஓடினோம். பறவைகள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. சில பின்னாலேயே வந்தன. இரண்டு தொப்பைக்காரர்கள் மூச்சிரைக்க உட்கார்ந்ததும் எங்கள் செருப்பைக் கொத்தின. அந்த வாரத்தில் அந்தப் பண்ணையில் எடை குறைந்தது நாங்கள் இருவர்தான். கராமாவுக்குப் போனபோது சுமதி புருஷனைப் பார்த்து அந்தக் கவலையிலும் சந்தோஷப்பட்டாள்.

இதற்கு நடுவில் அர்பாப் ஒரு நிபுணரை இறக்கினார். இங்கிலாந்துக்காரர். பாலைவனத்தில் முழங்கால்வரை பச்சைக் கம்பளி ஸ்டாக்கிங்ஸும் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பறவைகளைப் பார்த்தார், அவற்றின் மூக்கைப் பார்த்தார், அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் சொன்னதை செல்வராஜ் எனக்குத் தமிழில் சொன்னார். "இந்தப் பறவைகளிடம் காட்டுத்தனம் இல்லை. மனிதனைக் கண்டால் பயப்படக் கற்றுக்கொடுக்க வேண்டும். இவை அதிகமாகப் பார்க்கும் மனிதன் யார்?"

வீரமுத்துவை முன்னால் தள்ளினோம்.

"இவர்தான் பயமுறுத்த வேண்டும்," என்றார் நிபுணர். ஒரு தகர டப்பாவைக் கொடுத்துத் தட்டச் சொன்னார்.

வீரமுத்து தட்டினார். அத்தனை கௌதாரியும் அவர் காலடிக்கு ஓடி வந்தன. குஞ்சிலிருந்து தகர டப்பாவில்தான் அவர் தீவனம் கொண்டுவருவார் என்பது நிபுணருக்குத் தெரியாது. "பாத்து சத்தம் போடு, முறைச்சிப் பாரு," என்று செல்வராஜ் கத்தினார். வீரமுத்து முறைத்துப் பார்த்தார், பாதி முறைப்பிலேயே சிரித்துவிட்டார். நிபுணர் காட்டுத்தனம் வரக் காலம் ஆகும் என்று சொல்லிவிட்டு ஏசி அறைக்குப் போனார். அவருக்குத் தினமும் வறுத்த இறால் போனது. எங்களுக்குக் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்.

விருந்து நெருங்க நெருங்க செல்வராஜ் தூங்குவதை விட்டுவிட்டார். சாப்பிடும்போதே எழுந்து போய் வலையைப் பார்ப்பார். "நிவேதாக்கு ஊர்ல சீட் கெடைக்குமாங் மச்சான்?" என்று அவராகவே கேட்பார், நான் பதில் சொல்வதற்குள், "அந்தப் புள்ளைக்குத் தமிழே எழுத வராதே," என்று அவரே முடித்துக்கொள்வார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரில் எத்தனையோ பேரைக் கிண்டலடித்தவன் நான், அந்தச் சில நாள் அவரை மட்டும் விட்டுவைத்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வலைப் பக்கம் போனால், தண்ணீர்க் கோடியில் ஒரு பேரீச்ச மர நிழலில் வீரமுத்து குந்தியிருந்தார். மடியில் குப்பூஸ். பிய்த்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பட்டினி போட்டு இளைக்க வைக்கிற பறவைக்கு இந்த மனுஷன் திருட்டுத்தனமாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உங்குளுக்கு அறிவிருக்குதா? அவரு பொழப்பே இதுல தொங்கிட்டிருக்குது."

"பசின்னு கத்துதுங்க சார். நம்ம திங்கிறப்ப பாத்துக்கிட்டே நிக்கிதுங்க. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"அதுங்களச் சுடத்தான் வளக்கறோம்ங்கறதாவது தெரியுமா?"

"தெரியும் சார். அதுவரைக்கும் பட்டினி கெடக்கணுமா?"

நான் இன்னும் நாலு வார்த்தை திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் பழக்கதோஷத்தில் டப்பாவை ஆட்டி, "பா, பா, பா," என்றார். மறு கோடியில் கொம்புகளில் உட்கார்ந்திருந்தவை சடசடவென்று கிளம்பின. ஓடி வரவில்லை. பறந்து வந்தன. வலையின் முழு நீளத்தையும் தாண்டி, என் தலையை உரசிக்கொண்டு வந்து இறங்கின. இளைத்திருந்தன, பசித்திருந்தன. ஓடினால் பக்கத்துப் பறவை முந்திவிடும் என்று தெரிந்துகொண்டிருந்தன. பயத்தால் பறக்காதவை பசியால் பறந்துவிட்டன.

செல்வராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வீரமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து வந்த நாட்களில் கூடைகளில் அடைத்து ஒரு மணல்மேட்டுக்குக் கொண்டுபோய்த் திறப்போம், எதிர் மேட்டிலிருந்து வீரமுத்து டப்பாவை ஆட்டுவார். நடுவிலிருந்த பள்ளத்தைத் தாண்டி அழகாகப் பறந்து போயின. துப்பாக்கிக்காரர்களை அந்தப் பள்ளத்தில் நிறுத்துவது, வீரமுத்துவை அவர்களுக்குப் பின்னால் மண்மூட்டைச் சுவருக்குள் உட்கார வைப்பது என்று முடிவானது. நிபுணர் வந்து பார்த்தார். தான் கற்றுக்கொடுத்த பயம் வேலை செய்வதாக அர்பாபுக்குப் போன் செய்தார். வீரமுத்துவுக்குப் பாதுகாப்பாக ஒரு சிவப்புத் தொப்பியும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். வரிசையாக லேண்ட் குரூசர்கள். மணலில் கம்பளம் விரித்து, கூடாரம் போட்டு, காவா காப்பியும் பேரீச்சம்பழமும் போய்க்கொண்டே இருந்தன. பாதிப் பேர் வெள்ளை கந்தூரா அங்கியில் வந்திருந்தார்கள். மீதிப் பேர் லண்டனில் வாங்கிய கம்பளிக் கோட்டில் வந்து, வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கொடி ஆட்டுவதற்கு அல் கூஸ் கேம்ப்பிலிருந்து ஒரு பஸ் ஆட்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரே லீவ் அன்றைக்குத்தான்.

"என்னா டூட்டிண்ணே இது?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"குருவி வெரட்டுறதாம்."

"அதுக்கு ஊர்லயே நாலு எடத்துல ஆள் கேட்டாங்களேண்ணே."

விசில் ஊதியது. கூடைகளைத் திறந்தோம். கேம்ப் ஆட்கள் கொடியை ஆட்டிக்கொண்டு, "யல்லா, யல்லா," என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கௌதாரிகள் வெளியே வந்து கழுத்தை நீட்டி அவர்களைப் பார்த்தன. ஒன்றுகூட அசையவில்லை. பள்ளத்தில் நின்றவர்கள் துப்பாக்கியை ஏந்தியபடி காத்திருந்தார்கள். அர்பாப் மெதுவாகத் திரும்பி செல்வராஜைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எனக்கு சுமதியின் முகம்தான் வந்தது.

அப்போது எதிர் மேட்டிலிருந்து டப்பா குலுங்கியது. "பா, பா, பா."

எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. சிவந்த கால்களை மடக்கிக்கொண்டு, வெயிலில் பழுப்பாக மின்னிக்கொண்டு, நேராகத் துப்பாக்கிகளின் தலைக்கு மேல் வந்தன. அப்புறம் ஒரே வெடி. பெரும்பாலானவர்கள் வானத்தைச் சுட்டார்கள். ஒருவர் பறவைகள் போன பிறகு சுட்டார். இருந்தாலும் அத்தனை துப்பாக்கிக்குக் கொஞ்சமாவது விழத்தானே செய்யும். விழுந்தது விழ, மிச்சம் அத்தனையும் வீரமுத்துவின் டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அர்பாப் ஓடிப்போய் நிபுணரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் மேட்டில் ஏறிப் போனேன். மண்மூட்டைச் சுவருக்குள் கௌதாரிகள் கூட்டமாகத் தின்றுகொண்டிருந்தன. அடிபட்டும் இவ்வளவு தூரம் வந்து விழுந்த இரண்டு அங்கேயே கிடந்தன. மற்றவை அவற்றின் மேல் ஏறி நின்று கொத்தின. வீரமுத்து சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். டப்பா கீழே கிடந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சுட்ட கௌதாரிகளை அங்கேயே வாட்டிச் சோற்றின் மேல் அடுக்கினார்கள். பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அர்பாப் ஒரு பறவையைப் பிய்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்வராஜைக் கூப்பிட்டு அரபியில் ஏதோ கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வந்த மாப்பிள்ளையிடம் என்ன என்று கேட்டேன்.

"இதுல கறியே இல்ல, தீனி போடறியா இல்லையான்னு கேக்கறாருங். அடுத்த வருசம் நல்லா கொழுக்க வெக்கச் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அர்பாப் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வெயில் தாழ்ந்ததும் இன்னொரு தடவை விட வேண்டும். மிச்சமிருக்கும் அதே பறவைகள் போதும். அதுவும் காலை மாதிரியே நடந்துவிட்டால் செல்வராஜின் விசாவைப் புதுப்பித்துவிடுவார்.

மிச்சத்தைக் கூடையில் அடைக்க யாரும் பாடுபடவில்லை. டப்பாவைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்ததும் அவையாகவே உள்ளே போயின. வீரமுத்துதான் நகரவில்லை.

"வேற யாராச்சும் ஆட்டட்டும் சார்," என்றார்.

"அதுங்க உன் கொரலுக்குத்தான வரும் வீரமுத்து," என்றார் செல்வராஜ். நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எதைச் சொல்வது? ஆட்டு என்றும் சொல்ல முடியவில்லை, ஆட்டாதே என்றும் சொல்ல முடியவில்லை.

வீரமுத்துதான் கேட்டார். "பாப்பாவுக்குப் பரிச்சை எப்ப சார்?"

"மார்ச்சுல."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். நான் அவருடனேயே மண்மூட்டைச் சுவருக்குள் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவை வராது என்றுதான் நினைத்தேன். காலையில் பக்கத்தில் பறந்ததெல்லாம் விழுந்ததைப் பார்த்திருக்கின்றன, கோழிக்கு இருக்கிற மூளை இருந்தாலே போதும். வரக் கூடாது என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. வராவிட்டால் சுமதியின் கதி என்ன என்று இன்னொரு மனசு அடித்துக்கொண்டது.

விசில் ஊதியது. வீரமுத்து டப்பாவை ஆட்டினார். "பா, பா, பா."

வந்தன. காலையைவிட வேகமாக, காலையைவிட நேராக, வெடிச் சத்தத்துக்கு நடுவிலேயே எங்களைப் பார்த்து வந்தன. தூரத்தில் செல்வராஜ் இரண்டு கையையும் தூக்கி ஆண்டவனைக் கும்பிடுவது தெரிந்தது. எங்கள் காலடியில் இறங்கியவை மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கொத்த ஆரம்பித்தன.

"காலைல அவ்ளோ நடந்தும் மறுபடி வருதுங்களே வீரமுத்து," என்றேன்.

அவர் டப்பாவை ஆட்டுவதை நிறுத்தவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஏஜெண்டு போன் பண்ணா நானே வரேன் சார். அதுங்களப் போயி என்ன சொல்றது?"